அண்ணன் சொன்ன இரண்டு பொய்கள்

குலசாமி அய்யனாரைக் கும்பிட்டு இந்த நினைவு மலரை எழுதுகிறேன். எங்கள் அண்ணன் சாமியிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் திருமானூர் பக்கம், கொள்ளிடக் கரையில் எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஜாதகம் எழுதிய ஜோசியர் "பையனுக்குத் தண்ணீரில் கண்டம்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அம்மா அவரைக் கிணற்றடிக்குக்கூடத் தனியாக விட்டதில்லை. அப்படி வளர்ந்தவர்தான் கல்லூரிக்குப் போன இடத்தில் துடுப்புப் படகுப் பந்தயத்தில் சேர்ந்துவிட்டு வந்து நின்றார்.

அந்தப் படகை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மூன்று ஆள் நீளம் இருக்கும், அகலம் ஒரு ஆளுக்கே போதாது. அதில் உட்கார முடியாது. ஒரு முட்டியை ஊன்றிக்கொண்டு ஒரே பக்கமாகத் துடுப்புப் போட வேண்டும். இதனால் அண்ணனுக்கு ஒரு தோள் மட்டும் பெருத்துவிட்டது. பெண் பார்க்கப் போனபோது அண்ணியின் மாமா என்னைத் தனியே அழைத்து, "மறைக்காம சொல்லுங்க தம்பி, மாப்பிள்ளைக்கு வாதம் ஏதும் வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடுவது சில மாதம்தான். மற்ற நாளெல்லாம் அரியலூர் பக்கம், கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியில் தேங்கிய மழைத்தண்ணீரில் பயிற்சி. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "யாருப்பா உழுந்தது? பொணம் கெடச்சிருச்சா?" என்பார்கள். அண்ணன் துடுப்பை நிறுத்தாமலே, "தேடிட்டுதான் இருக்கேன்" என்பார்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் பந்தய நாள் நெருங்கியது. அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "படகுக்குப் பூசை போட்டு தேங்கா ஒடைங்க. அபசகுனமா எதாச்சும் ஆச்சு, அந்தத் துடுப்ப அடுப்புல வெச்சிருவேன்." அம்மா சொன்னால் செய்கிறவர். வீட்டில் மாடு கன்று போடும் சமயம் என்பதால் அம்மா ஆற்றுக்கு வரவில்லை. நானும் அண்ணனும்தான் போனோம்.

புது வண்டிக்குச் செய்வதுபோலச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் செய்தேன். எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரத்தைத் தேடினேன், இல்லை. பழத்தைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். பிறகு தேங்காயை ஓங்கி அடித்தேன். பொதுக்கென்று மணலில் புதைந்தது. மூன்று தடவை அடித்தும் உடையவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கல் கிடையாது. உடையாத தேங்காயோடு வீட்டுக்குப் போக முடியுமா? அங்கே கெட்டியாக இருந்தது படகு ஒன்றுதான். அதன் மூக்கில் ஒரே போடு போட்டேன். தேங்காயும் உடைந்தது, படகும் உடைந்தது.

அது பயிற்சியாளர் சார் நம்பிக் கொடுத்த படகு. பந்தயத்துக்கு இரண்டே நாள். நான் அழுதுவிட்டேன்.

"சாமி வேணாம்னு சொல்லிருச்சுண்ணே."

"சாமி ஒன்னும் சொல்லலடா. நீதான் அடிச்ச. அம்மாட்ட மூச்சு விட்ட, துடுப்போட சேந்து நீயும் அடுப்புக்குள்ளதான்."

அண்ணன் மனமறிந்து பொய் சொன்னது எனக்குத் தெரிந்து இரண்டே தடவை. பூசை நல்லபடியாக முடிந்ததா என்று அம்மா கேட்டதற்கு "முடிஞ்சுதும்மா" என்றது ஒன்று. மறுநாள் சாரிடம் "பாறையில மோதிருச்சு சார்" என்றது இரண்டாவது.

சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கொள்ளிடத்துல ஏதுய்யா பாறை? எனக்கும் ஒருதடவ காட்டு, பாத்துக்கறேன். ஒடச்ச படகுலயே ஓட்டு. வேற படகு கெடையாது."

தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பசையால் ஒட்டினோம். மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். நான் கரையில் கண்ணை மூடி அய்யனாரைக் கூப்பிட்டபடி நின்றேன். பாதித் தூரத்தில் ஒட்டு விட்டது. தண்ணீர் ஏற ஏற அண்ணன் இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டார். மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினார். தாண்டியதும் படகின் மூக்கு தண்ணீருக்குள் போய்விட்டது.

அதன்பிறகு எத்தனையோ ஊர்த் தண்ணீரில் ஓட்டினார், பதக்கம் வாங்கினார். அதனால் கிடைத்த வேலையில் அப்பாவின் வைத்தியத்தையும் தங்கை கல்யாணத்தையும் முகம் சுளிக்காமல் பார்த்தார். தோற்று வந்த நாளில் "எதிர்காத்து" என்பார், அவ்வளவுதான். தண்ணீரில் கண்டம் என்ற அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயதில், உரக்கடை நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை மடியில் தாங்கிய கடைக்காரருக்கும், காரியம் முடியும்வரை எங்கள் மாடுகளைக் கறந்து கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. தள்ளாத வயதிலும் வந்து மாலை போட்ட பயிற்சியாளர் சாருக்கு வணக்கம். சார், அந்தப் பாறை நான்தான். மன்னிக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். படகு உடைந்த இடம் வந்ததும் அம்மா, "நிறுத்து" என்றார்.

"தேங்கா எப்புடி ஒடஞ்சுச்சு?"

"ரெண்டா, சரிபாதியாம்மா."

"அழுகல் ஏதும் இருந்துச்சா?"

"இல்ல. வெள்ளையா இருந்துச்சு."

"அப்பறம் என்னடா? நல்ல சகுனம்தான அது. படகு ஒடஞ்சா ஒட்டிக்கலாம்." என் கையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார். "இத்தன வருசமும் பயந்துக்கிட்டேவா தண்ணில எறங்குனான் எம்புள்ள?"

"தண்ணிக்கு அண்ணன் பயந்ததே இல்லம்மா. ஒனக்குத்தான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, மேல படி" என்றார்.