அணைக்காத டியூப் லைட்

மீன்தொட்டி வந்த அன்று வீட்டில் நான் இருந்தேன். என்னோடு அந்த வீட்டைப் பங்குபோட்ட அண்ணை இருந்தார். கீழ்வீட்டு டேனிஷ் கிழவர் இருந்தார். வேறு ஆளில்லை. என் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை டென்மார்க்குக்குக் கூப்பிட நான் விண்ணப்பம் போட்டு ஒரு வருடம் முடிந்திருந்தது.

கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அங்கே தொட்டி வைக்க விடமாட்டார்களாம், அதனால் எனக்குத் தந்தார். மீனைவிட அதில் செடிதான் கூட. மேலே ஒரு டியூப் லைட். கிழவர் எட்டு விரலைக் காட்டினார். நாளுக்கு எட்டு மணித்தியாலம் எரிந்தால் போதும், கூடக்கூடாது என்றார். அவ்வளவு டேனிஷ் எனக்கு விளங்கியது.

அவர் சொன்னபடி நான் செய்யவில்லை. நேர்த்தி வைத்தேன். விசா கிடைக்கும்வரை அந்த லைட்டை அணைப்பதில்லை. கோயிலில் தூண்டாமணி விளக்கு அணையாமல் எரிகிறதே, அப்படி. இந்த இஷொய் ஊரில் வேறு எதை எரிப்பது? குத்துவிளக்கு வைத்தால் புகை மணி அடிக்கும்.

"என்னடாப்பா, மீனுக்குச் சிவராத்திரியோ?" என்றார் அண்ணை.

"எரியட்டும் அண்ணை."

"உனக்கு விசா வாறதுக்கிடையில அதுகளுக்கு மோட்சம் வந்திடும்."

இரண்டு கிழமையில் கண்ணாடி பச்சையாகியது. சவர பிளேட்டால் சுரண்டினேன். பிறகு இலையெல்லாம் மயிர்போலப் பாசி. மாரிகாலம், வெளிச்சம் போதவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் பெரிய டியூப் வாங்கிப் பூட்டினேன். செடிகள் அழுகத் தொடங்கின.

ஒருநாள் கிழவர் பார்க்க வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஏசவும் இல்லை. குனிந்து பிளக்கை இழுத்துவிட்டார். போர்வை கேட்டு வாங்கித் தொட்டியை மூடினார்.

"மூன்று நாள் இருட்டு. திறக்காதே. செடிக்கும் நித்திரை வேண்டும்," என்றார்.

நேர்த்தியைச் சொல்ல என்னிடம் டேனிஷ் இல்லை.

அவர் போனபிறகு அண்ணை சொன்னார்: "கழட்டினது நீ இல்லைத்தானே. அது நேர்த்தியிலை சேராது."

"பாத்துக்கொண்டு நிண்டது நான்தானே அண்ணை."

நான்காம் நாள் போர்வையை எடுத்தேன். பாசி செத்திருந்தது. அன்றைக்கே கடிதமும் வந்தது. விசா விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். முந்தின கடிதத்திலும் அதே வசனம்தான். திகதி மட்டும் வேறு. நேர்த்தி முறிந்ததால்தான் இப்படி என்று நம்பினேன். கிழவரைப் பார்க்கப் போகவில்லை. அவர் செத்தபோதும் போகவில்லை.

அதன்பிறகு பகல் பன்னிரண்டுக்குப் போட்டு இரவு எட்டுக்கு அணைத்தேன். செடிகள் தழைத்தன. எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சில வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். டேனிஷ் அமைச்சில் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தார்களாம். அண்ணை என்னைப் பார்த்தார்.

"அப்ப கிழவன்ரை பிழை இல்லையடா."

"ஓம்," என்றேன்.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து நான்கு வருடம், ஏழு மாதம்.