பூட்டு சாரின் புத்தகக் காவல்

பல்கலைக்கழக நூலகத்தில் அரிய நூல் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவரை எல்லோரும் பூட்டு சார் என்றுதான் அழைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் பட்டம்போல ஏற்றுக்கொண்டார். புத்தகத்துக்கு முதல் எதிரி வாசகன் என்பது அவர் கட்சி. வாசகன் ஓரத்தை மடிப்பான், பென்சிலால் கோடு போட்டுத் தன் மேதாவித்தனத்தைக் காட்டுவான். அவன் கையில் கொடுப்பதும் ஒன்று, அடுப்பில் போடுவதும் ஒன்று. ஆகவே அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆண்டறிக்கையில் "சேதம் இல்லை" என்று எழுதும்போது அந்த முகத்தில் பொங்கும் பூரிப்பைப் பார்க்க வேண்டுமே!

சும்மா நாற்காலியைத் தேய்த்தார் என்று சொன்னால் பாவம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தானே மைதாப் பசை காய்ச்சிப் புது அட்டை ஒட்டினார். ஒட்டிய ஈரம் உலர்வதற்குள் பாலித்தீன் உறையில் போட்டு, காற்றுகூட எட்டிப் பார்க்காதபடி நாடாவால் அடைத்தார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவர் ஒரு நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்ததில்லை. மனைவிக்கு அதில் தீராத ஆற்றாமை.

"பீரோல இருக்கற கம்பளியையே அப்பப்ப வெயில்ல போடறேன். அந்தப் புத்தகங்கள ஒரு தடவ பிரிச்சாவது பாருங்களேன்."

"கம்பளியும் புத்தகமும் ஒண்ணா? வேலையப் பாரு."

இப்படி நிம்மதியாக இருந்தவருக்குத் தலைவலியாக வந்து சேர்ந்தாள் ஒரு ஆராய்ச்சி மாணவி. கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒரு பெண், தன் வாழ்க்கையைத் தானே எழுதி அச்சடித்த பழைய புத்தகம் அவளுக்கு வேண்டும். மிஞ்சியிருப்பது இந்த ஒரே பிரதி. அது இல்லாமல் அவளுடைய ஆய்வே இல்லை.

"சார், அது ரொம்ப அரிய புத்தகம். அதனாலதான் கேக்கறேன்."

"அதனாலதாம்மா தரமாட்டேன்."

வாரம் தவறாமல் வந்தாள். வாரம் தவறாமல் கையை விரித்தார். கடைசியில் புதிதாக வந்த இயக்குநர், அரிய நூல்களையெல்லாம் ஸ்கேன் செய்து உலகம் முழுக்கப் படிக்க இணையத்தில் போடுவோம் என்று உத்தரவிட்டார். வெளிச்சம் பட்டால் மை மங்கும், புரட்டினால் தாள் முறியும் என்று பூட்டு சார் தலைகீழாக நின்று பார்த்தார். பலிக்கவில்லை. முதலில் அந்த மாணவி கேட்ட புத்தகம் என்று முடிவானது.

பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தகப்பன் முகத்தோடு, மாணவியின் எதிரில் அலமாரியைத் திறந்தார். அட்டை புத்தம் புதிதாக மின்னியது. "பாத்தியாம்மா, எப்படி வச்சிருக்கேன்!" என்று சொல்லிக்கொண்டே நாடாவைக் கிழித்து அட்டையைத் தூக்கினார்.

அட்டை மட்டும்தான் வந்தது. உள்ளே இருந்தது பொடி. பசை ஈரத்தில் சுகமாகக் குடியேறிய பூச்சிகள், மைதாவை முடித்துவிட்டுத் தாளுக்கு வந்திருந்தன. அவர் காவலில் அந்தப் புத்தகத்தை ஊன்றிப் படித்து முடித்த வாசகர்கள் அவை மட்டும்தான்.

திருடன் எடுத்துப் போயிருந்தால்கூட எங்கோ முழுசாக இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இது அவரே ஊட்டி வளர்த்த நாசம். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மாணவி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. பொடிக்குள்ளிருந்து தப்பித்த தாள் ஒன்றை மெல்ல எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து வாசித்தாள்:

"கப்பல் கரை சேர்ந்ததும் என்னைத் தேடி அவர் வந்து நின்றார். செத்துப்போனதாக நாங்கள் அழுது முடித்த மனிதர். பக்கத்தில் ஒரு சின்னப் பெண். நான் முதலில் அவளைத்தான் கேட்டேன்…"

அதற்கு மேல் ஓட்டை.

இத்தனை வருஷம் காவல் காத்த புத்தகத்தில் பூட்டு சார் காதில் விழுந்த முதல் வரிகள் அவை. தன்னை மறந்து முன்னால் சாய்ந்தார்.

"என்ன கேட்டா? யாரும்மா அந்தப் பொண்ணு?"

மாணவி தாளை மேசைமேல் வைத்தாள்.

"பூச்சியத்தான் கேக்கணும் சார்."