நர்சிங் குரூப்பில் சேர்ந்த மகளும் நான் கேட்ட துஆவும்

அன்புச் சகோதரிகளே, அளவற்ற அருளாளனை நினைத்து இதை எழுதுகிறேன். இதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டுக்கு இது பெரிது.

என் மகள் ஷமீமா பத்தாம் வகுப்பு முடித்ததும் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் குரூப்பில் சேர்ந்தாள். முடிவு செய்தது என் கணவர், அவளுடைய அத்தா. என் தங்கை வளைகுடாவில் நர்ஸாக இருக்கிறாள். "பிளஸ் டூ முடிச்சு நர்சிங் படிக்கட்டும், நான் கூப்ட்டுக்கிறேன்" என்று அவள் போனில் சொன்ன பிறகு என் கணவருக்கு வேறு யோசனையே வரவில்லை. மதுரையில் பழைய ஊருக்குள் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எம் மக நர்ஸாகப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிளஸ் ஒன் எப்படியோ ஓடிவிட்டது. பிளஸ் டூவில் மருத்துவமனைப் பயிற்சி வந்தது. முதல் நாளே, ஒருவருக்குப் புண்ணில் கட்டு மாற்றுவதைப் பார்த்து மயங்கி விழுந்தாள். அடுத்த வாரமும் விழுந்தாள். "பழகிரும்" என்றார் கணவர். பழகவில்லை. பயிற்சிக்குப் போகும் காலைகளில் வாந்தி எடுத்தாள். சோறு இறங்கவில்லை. ஒருநாள் யூனிஃபார்ம் போடாமல் அடுப்படியில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் ஸ்கூல விட்டு நின்னுக்கிறேன்."

"இன்னும் கொஞ்ச மாசந்தானடி?"

"அதுக்கப்புறம்? காலம் பூரா ரத்தத்தப் பாக்கணும்லம்மா."

குரூப் மாற்றும் காலம் போய்விட்டது. இந்தக் குரூப்பை வைத்து நர்சிங்கைத் தவிர வேறென்ன படிக்கலாம் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. பிள்ளை கண்ணெதிரே மெலிந்துகொண்டே போனாள்.

அன்று இஸ்திகாரா தொழுதேன். எது நல்லது என்று நமக்குத் தெரியாத காரியத்தை, இரண்டு ரக்அத் தொழுது இறைவனிடம் ஒப்படைக்கும் தொழுகை அது. 'யா அல்லாஹ், இந்தப் படிப்பு அவளுக்கு நல்லதென்றால் லேசாக்கு. இல்லையென்றால் அவளை அதிலிருந்து திருப்பிவிடு. நல்லது எதுவோ அதைக் கொடு. அதில் எங்கள் மனதையும் பொருந்தச் செய்' என்று துஆ கேட்டேன். அழுதேன். கனவில் ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அந்த வாரமே அவள் வார்டில் மறுபடியும் விழுந்தாள். இந்த முறை கட்டில் கம்பியில் நெற்றி மோதி, தையல் போட்டார்கள். ஆட்டோ பிடித்து ஓடினேன். துஆவுக்கு இதுதான் பதிலா என்று மனம் கசந்தது.

நர்சிங் பாடம் எடுக்கும் வளர்மதி டீச்சர், இனி அவளுக்கு வார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, அதே மருத்துவமனையில் வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில் விட்டார். பொம்மைகளை எடுத்துக் கொடுத்து அடுக்கி வைக்கும் வேலை.

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் நான்கு வயது மகனை அங்கே கூட்டிவருவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பமாட்டான். தொட்டால் அலறுவான். ஷமீமா அவனைக் கூப்பிடவில்லை, தொடவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் உருட்டுவதுபோலவே மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தாளாம். பல வாரங்கள் இப்படியே போயின.

ஒருநாள் அவளைக் கூட்டிவர நான் போயிருந்தேன். அந்தப் பையன் ஒரு கட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க மகளாக்கா? எம்புட்டுப் பொறுமை! எம் புள்ள என்னையவே இப்புடிப் பாத்ததில்லக்கா."

ஷமீமா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

மறுநாள் கணவரையும் அழைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தேன். "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கன்னே படிப்பு இருக்கு. சிறப்புக் கல்வின்னு பட்டயப் படிப்பு. பிளஸ் டூவுல எந்த குரூப் படிச்சிருந்தாலும் சேரலாம், மார்க் மட்டும் இருக்கணும்" என்றார்.

"அதுல ரத்தம் கித்தம் பாக்கணுமா டீச்சர்?" என்றார் என் கணவர்.

"இல்ல பாய்."

"அப்பச் சேத்துருவோம்" என்றார். அவ்வளவுதான். இத்தனை சுலபமாக அவர் மனம் திரும்பும் என்று நான் நினைத்ததில்லை.

இப்போது அவள் அந்தப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. காளவாசலில் பஸ் மாறிப் போய்வருகிறாள். காலையில் நன்றாகச் சாப்பிடுகிறாள். அந்தப் பையன் இன்னும் பேசவில்லை. அவனுக்காகவும் எங்கள் வீட்டில் துஆ கேட்கிறோம்.

சகோதரிகளே, பிள்ளைக்குக் குரூப் எடுக்கும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். விவரம் தெரிந்த டீச்சரிடம் கேளுங்கள். படைத்தவனிடமும் கேளுங்கள். கேட்ட பிறகு காரியம் இன்னும் மோசமாவதுபோல் தெரிந்தால், அதோடு கைவிட்டுவிட்டான் என்று எண்ணாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் பொறுத்தோம், அவன் கொடுத்தான். அல்ஹம்துலில்லாஹ்.