பதினான்கு அம்ட்டுகளிலும் ஒரே பதில்

செலீனா மன்னார் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தட்டெழுத்தாளராக இருந்தவர். கிராம சேவையாளரால் முடியாத காரியம் உதவி அரசாங்க அதிபரிடம் போகும். அங்கேயும் முடியாவிட்டால் கச்சேரிக்கு வரும். அதற்கும் மேலே கொழும்பு. எந்தக் காரியத்துக்கும் உரிய மேசை எங்கோ ஒன்று இருக்கிறது என்று அவர் நம்பினார். கைதானவர்களின் பெயர்களை வெளியே சொன்னார் என்று படையினர் அவரைத் தேடத் தொடங்கியபோது, கணவர் ஸ்ரனிஸ்லாஸிடம் கைக்குழந்தை கிளோறியாவை விட்டுவிட்டுத் தனியே தப்பி வந்தார். டென்மார்க் அவரை அகதியாக ஏற்றுக்கொண்டது.

அவரைக் குடியமர்த்திய இடம் லாங்கலாண்ட் தீவில் உள்ள றுட்கூபிங். முதியவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் போய்ச் சமைத்து, துடைத்து, குளிக்க உதவும் வேலை கிடைத்தது. 1987 வசந்தத்தில் கணவரையும் மகளையும் அழைக்க விண்ணப்பித்தார். அகதிகளுக்குச் சட்டமே தந்த உரிமை அது. ஓர் ஆண்டு கடந்தும் பதில் இல்லை.

செலீனா தன் வழக்கப்படி உரிய மேசையைத் தேடத் தொடங்கினார். தீபகற்பமான ஜட்லாண்ட் போக மற்றதெல்லாம் தீவுகளான அந்த நாடு அப்போது பதினான்கு அம்ட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அம்ட் என்பது நம்முடைய மாவட்டம் போல. அதற்குள்ளே கொம்யூன்கள், நம்முடைய பிரதேச சபை போல. லாங்கலாண்ட் என்ற சின்னத் தீவுக்குள்ளேயே மூன்று கொம்யூன்கள் இருந்தன.

றுட்கூபிங் கொம்யூனில் இருந்த பெண், பள்ளிக்கூடமும் முதியோர் உதவியும்தான் தங்கள் பொறுப்பு என்றார். செலீனா பஸ் ஏறி ஒடென்ஸ நகருக்குப் போனார். லாங்கலாண்டும் சேர்ந்த ஃபூன் அம்ட்டின் அலுவலகம் அங்கே இருந்தது. ஆஸ்பத்திரிகளும் பெரிய வீதிகளும்தான் எங்களுடையவை என்றார் அங்கிருந்த மனிதர். குடும்ப விசாவுக்குக் கோப்பன்ஹேகனிலிருந்து பதில் வரும், காத்திருங்கள் என்றும் சொன்னார். காத்திருங்கள் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் செலீனாவால் ஏற்க முடியவில்லை.

1988 இலையுதிர் காலத்தில் ஜட்லாண்டில் உள்ள பிரெடெரிசியா நகரின் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை நடந்தது. பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது பீற்றர் என்பவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை. மனைவியும் இரண்டு மகன்களும் மன்னாரில். மூத்தவன் ஜோனாஸுக்குப் பதினேழு வயது.

"எங்கட இடம் சின்ன இடம், தங்கச்சி," என்றார் பீற்றர். "அங்க எங்கட கேஸைப் பார்க்க ஆளில்லை. வேலையை விட்டிட்டுக் கோப்பன்ஹேகன் போறன். அங்க எண்டால் கெதியா நடக்கும்."

எதிரே இருந்த அமலராணி தலை நிமிர்ந்தார். கோப்பன்ஹேகன் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்பவர் அவர். "அண்ணை, நான் அங்கதான் இருக்கிறன். ஒண்டரை வருசமா என்ர மனுசன்ர கேஸும் அப்பிடியேதான் கிடக்கு."

செலீனா கோப்பியை வைத்துவிட்டு எழுந்தார். ஒவ்வொரு வாங்காகப் போய், அமர்ந்திருந்தவர்களிடம் எந்த அம்ட், எப்போது விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் என்று கேட்டார். வராத சிலரின் நிலையை அவர்களுடைய உறவினர் சொன்னார்கள். ஓர்ஹூஸ், வைல, றீப, சேலண்ட் தீவின் மேற்குப் பக்கம் என்று பதினான்கு அம்ட்டுகளில் எங்கே இருந்தவர்களுக்கும் பதில் ஒன்றுதான்: காத்திருங்கள்.

திரும்பி வந்து பீற்றருக்கு முன்னால் நின்றார். "அண்ணை, வேலையை விடாதேங்கோ. பிழை உங்கட ஊரிலயும் இல்லை, என்ர ஊரிலயும் இல்லை. எல்லா அம்ட்டிலயும் ஒரேமாதிரி நிண்டிருக்கு எண்டால், மேலதான் ஆரோ நிப்பாட்டியிருக்கினம்."

"அதை ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

அகதிகளுக்கு உதவிவந்த டேனிஷ் வழக்கறிஞர் ஒருவரை அமலராணிக்குத் தெரியும். அடுத்த மாதம் அதே மண்டபத்துக்கு அவர் வந்தார். முறைப்பாடு எழுதலாம், பத்திரிகையிலும் பேசலாம், ஆனால் சொந்தப் பெயரைக் கொடுப்பவர்கள் வேண்டும் என்றார்.

"என்ர பேரைப் போடுங்கோ," என்றார் செலீனா.

பீற்றர் குரலைத் தாழ்த்தினார். "இதால உம்மட கேஸ் இன்னும் பின்னுக்குப் போனால்?"

"அது அசையாமல்தானே கிடக்கு, அண்ணை. அசையாததை எங்க பின்னுக்குத் தள்ளுறது?"

பீற்றர் வழக்கறிஞரிடம் திரும்பித் தன் பெயரையும் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள்.

தமிழர்களின் குடும்பக் கோப்புகள் கோப்பன்ஹேகனில் நீதி அமைச்சரின் சொல்லில் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன என்பது 1989 தொடக்கத்தில் நாடே அறிந்த செய்தியானது. இவர்களுடைய முறைப்பாட்டைப் போல வேறு இடங்களிலிருந்தும் பல போயிருந்தன. கோப்புகள் அசையத் தொடங்கின. அந்தக் கோடையில் ஸ்ரனிஸ்லாஸும் கிளோறியாவும் வந்து இறங்கினார்கள். கிளோறியா தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பல மாதங்கள் தாயை அன்ரி என்றுதான் கூப்பிட்டாள். செலீனா அவளைத் திருத்தவில்லை. தலை பின்னினார், சோறு ஊட்டினார், பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போனார். ஒருநாள் சைக்கிளில் பின்னால் இருந்தபடி அவளாகவே அம்மா என்றாள்.

பீற்றரின் மனைவியும் இளைய மகனும் வந்தார்கள். ஜோனாஸ் வரவில்லை. காத்திருந்த காலத்தில் அவன் பதினெட்டைத் தாண்டிவிட்டான். வளர்ந்த பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை என்று பதில் வந்தது. பீற்றர் மறுபடி விண்ணப்பித்தார். அதற்கும் இல்லை என்றார்கள்.

1993 ஜனவரியில், கோப்புகளை நிறுத்தி வைத்தது பற்றிய விசாரணை அறிக்கை வெளியாகி அரசாங்கம் பதவி விலகியது. செலீனா அதற்குள் பயிற்சி முடித்து ஸ்வென்போ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று கூட வேலைசெய்த பெண் கையைக் குலுக்கினாள். செலீனா நன்றி சொல்லிவிட்டுப் போய் கிரின்ஸ்டெட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, செய்தி கேட்டனீங்களோ?"

"ஓம். அதால ஜோனாஸ் வந்திடுவானே?"

"அதுக்குத்தான் எடுக்கிறன். பிந்தினது உங்கட பிழையில்லை எண்டு இப்ப அந்த அறிக்கையிலயே எழுதியிருக்கினம். திரும்பப் போடுவம். வெள்ளிக்கிழமை நான் லீவு எடுக்கிறன். கோப்பன்ஹேகன் ஸ்டேசனுக்கு வாங்கோ."

"மூண்டாம் தரம், தங்கச்சி."

"நாலாம் தரமெண்டாலும் போடத்தான் வேணும்."

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வழக்கறிஞரிடம் போனார்கள். அதன் பிறகும் பல வெள்ளிக்கிழமைகள் போனார்கள். ஆண்டு முடியும் முன் அனுமதி கிடைத்தது. பனி கொட்டிய ஒரு காலையில் ஜோனாஸ் மீசையுடன் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தான். பீற்றர் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார்.