மேட்டூர் பஸ்ஸில் என் வாசகி

இன்று ஜலகண்டாபுரத்தில் மேட்டூர் பஸ் ஏறினேன். எதிரே, மடியில் கட்டுச்சோற்றோடு செல்லம்மாளின் தாய்.

செல்லம்மாள் காணாமற்போய் மூன்று வருடம். வழக்கை விசாரித்த சப்-இன்ஸ்பெக்டர் நான்தான். துப்புக் கிடைக்கவில்லையென்று கோப்பை மூடியவனும் நான்தான்.

பிறகு அதையே நாவலாக எழுதினேன், பெயரை மட்டும் மாற்றி. கடைசியில் அந்தப் பெண் மேட்டூர் அணை வேலையில் உயிரோடு கிடைப்பாள்.

"உங்க கதையைப் பக்கத்து ஊட்டுல படிச்சுக் காட்டுனாங்க சாமி. பச்சைச் சேலை, நெத்தித் தழும்பு... எம்புள்ளையேதானுங்க! அதான் கூட்டியாரப் போறனுங்க."

கற்பனை என்று சொல்லாமலே அவளோடு மேட்டூரில் இறங்கினேன். கூலிக் கொட்டகைகளில் நானும் சேர்ந்து தேடினேன். மதியம் சோற்றில் எனக்கும் பங்கு தந்தாள். மகளின் பங்கை மூடி வைத்தாள்.

நாளையும் வருவாளாம்.

'அப்படியே நிஜம்' என்று பாராட்டி எழுதிய நண்பர்களே, அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? அதையும் எழுதுங்கள்.