முதல் மக்குக் கேள்வி

கணினி வழியாக நடக்கும் எங்கள் கணக்கு வகுப்பில் படிக்கும் சரோஜாவை இன்று லுக்குட் டவுனில் ஒரு கடையில் பார்த்தேன். வகுப்பு நாளில், தோட்டத்து வீட்டிலிருந்து புருஷன் மோட்டார் சைக்கிளில் அவளை இங்குள்ள கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுவந்து விடுவார்.

"நேத்து ஏன்க்கா வகுப்புக்கு வரல?"

"வெள்ளிக்கிழமை இல்லியா, பூஜை" என்றேன்.

பொய். போன வாரம் எல்லோர் முன்னாலும் தப்பான விடையைத் தட்டிய வெட்கம்.

"நீங்கதான் மொதல்ல மக்குக் கேள்வி கேப்பீங்க. அந்தத் தைரியத்துல நாங்களும் கேப்போம். நேத்து ஒருத்தரும் ஒரு எழுத்துகூட தட்டல லா. எனக்கு ஒண்ணுமே புரியல. நின்னுரலாம்னு இருக்குக்கா."

"நிக்காதடி. அடுத்த வெள்ளி நான் வரேன்."

"அன்னைக்கும் பூஜை இருக்குமே?"

"சீக்கிரமே முடிச்சிடுவேன்" என்றேன். இல்லாத பூஜைக்கு இன்னொரு பொய்.

மாலையில் விளக்கேற்றும்போது சாமி முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உங்கள் வகுப்பில் அந்த முதல் மக்கு யார்? நீங்கள்தான் என்றால், தயவுசெய்து லீவு போடாதீர்கள்.