ஒரு மரணம் கூடுதல்

மற்றவர்கள் செய்து முடித்த மருந்துச் சோதனைகளைத் தேடியெடுத்து, அவற்றின் எண்களை ஒரே அட்டவணையில் சேர்த்து, மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் வேலை. "அப்போ நீயா எதையும் கண்டுபிடிக்கறதில்ல. ஊரார் வெச்ச குழம்பையெல்லாம் ஒண்ணா ஊத்தறே" என்பார் அப்பா. துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். என்னைச் சீண்டுவதற்காகவே ரத்த அழுத்த மாத்திரைச் சோதனை ஒன்றில் சேர்ந்தார். "உனக்கு நம்பர்தானே வேணும், நானும் ஒரு நம்பரா இருக்கேன்." பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. தனக்கு எது கிடைத்தது என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் காலை டாக்குரியா ரயில் ஸ்டேஷன் படியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்த வாரம், சோதனை நடத்தியவர்களிடமிருந்து போன் வந்தது. பேசிய பெண் அப்பாவை 'காக்கு' என்றுதான் கூப்பிடுவாள், நாம் சித்தப்பா என்பதுபோல. "காக்கு ஏன் செக்கப்புக்கு வரலை?" என்று கேட்டாள். அதற்குள் அந்தச் செய்தியை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருந்தேன். எப்படி, எங்கே, கூட யார் இருந்தார்கள் என்று ஒவ்வொருவரும் கேட்டு, எனக்குச் சலித்துப்போயிருந்தது.

"ஊருக்குப் போயிட்டார். இனிமே அங்கேதான்" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "ஏண்டி அப்படிச் சொன்னே?"

"இன்னொரு தடவை சொல்ல முடியலம்மா."

அப்போது எனக்கு எதுவுமே தோன்றவில்லை, குற்ற உணர்வுகூட. சோதனையின் பாதியில் காணாமல் போகிறவர்களை அலட்சியப்படுத்தக் கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான்.

போன மாதம் அந்தச் சோதனையின் கட்டுரை எங்கள் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. அப்பா இதில் இருந்தார் என்று சொல்லி நான் விலகியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இறந்தவர்கள் ஒரு வரியில் இருந்தார்கள். 'இடம் மாறியதால் தொடர்பு விட்டுப்போனவர்கள்' அடுத்த வரியில். அப்பா எந்த வரியில் இருக்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எண்களை எடுத்து, பிறகு ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் விதி. என் தாளில் இடம் மாறியவர்களில் ஒருவரைக் குறைத்து, இறந்தவர்களில் ஒருவரைக் கூட்டினேன். அசல் மாத்திரைக் குழுவில் கூட்டினேன். அப்பாவுக்கு மாவு கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கப் பிடிக்கவில்லை. அந்த மரணத்தின் பழி மருந்தின் மேல் விழும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாள் என்னோடு அதே கட்டுரையைப் படித்த வங்காளிப் பெண், மண் குவளைத் தேநீரோடு என் மேசைக்கு வந்தாள். "தீதி, மருந்துக் குழுவுல உங்க தாள்ல ஒரு மரணம் கூடுதலா இருக்கு. எந்தப் பக்கத்துல பார்த்தீங்க?"

கட்டுரை எழுதியவர்களுக்குக் கடிதம் போட்டு, அப்பா எந்தக் குழுவில் இருந்தார் என்று கேட்கலாம், விதியில் அதற்கு இடமுண்டு. ஆனால் போனில் பொய் சொன்னது நான்தான் என்று அதில் எழுத வேண்டும். எப்படி, எங்கே என்று அவர்களும் கேட்பார்கள்.

"எந்தப் பக்கத்துலயும் இல்ல. தப்பாப் போட்டுட்டேன்" என்றேன்.

திருத்தினால் காரணம் எழுதியாக வேண்டும். 'பதிவுப் பிழை' என்று எழுதினேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டுரையைத் திறந்தாள். நான் இறந்தவர்களில் ஒன்றைக் குறைத்து, இடம் மாறியவர்களில் ஒன்றைக் கூட்டி, அப்பாவை இரண்டாவது தடவையாக ஊருக்கு அனுப்பிவைத்தேன்.